காவலுக்கு ஒரு எழுத்து

ஏலே, இங்கன வா. குறுக்குத்துறைப் படியில உக்காந்துக்கிட்டு, ஆத்தைப் பாக்காம நோட்டையே மொறைக்கியே, என்னல கப்பல் கவுந்துபோச்சு? ஸ்பானிஷா?

‘தொடு’ன்னா ‘தொக்கா’. ‘தொடாதே’ன்னா ‘நோ தொக்கெஸ்’. கடைசி ‘ஆ’ போயி ‘எ’ வந்துட்டு, சரி. நடுவுல இருந்த ‘சி’யைக் காணோம், ‘கியூ’வும் ‘யு’வும் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. அதுக்காக்கும் இந்த மூஞ்சி? சத்தம் மாறிச்சால? இல்லலா. அந்த ‘சி’ இருக்கே, ‘எ’வைக் கண்டா ‘ஸ்’ஸுன்னு சீற ஆரம்பிச்சிரும். ‘க’ சத்தம் போயிரக் கூடாதுன்னு ஆளை மாத்திட்டான், அவ்வளவுதான். ‘பாகா’ன்னா பணத்தைக் குடு. ‘நோ பாகெஸ்’னா குடுக்காத. அதுல ‘ஜி’க்குப் பக்கத்துல ஒரு ‘யு’வை நிப்பாட்டியிருக்கான் பாரு, அது வாயே தெறக்காது. தோட்டத்துக் காவக்காரன் மாதிரி சும்மா நிக்கும். சம்பளமும் கெடையாது.

சிரிக்காத. உன் நோட்டுல மொதல்ல ‘தொகா’ன்னு எழுதியிருந்த. நான் ‘தொஹா’ன்னு படிச்சதும் ஓடிப்போயி ஒரு ‘க்’ சேத்தியே, அது யாருல? அதுவும் காவக்காரன்தான். நம்ம ‘க’ நடுவுல ஒத்தையா மாட்டுனா குழைஞ்சுரும். தொணைக்கு ஒண்ணு நின்னாத்தான் வெறைப்பா நிக்கும்.

நம்ம வீட்டு லட்சணம் மட்டும் என்ன? நில்லுக்கு நிற்காதே, கேளுக்குக் கேட்காதே. அதே ‘ல்’லுதான் சொல்லுலயும் கெடக்கு, எவனாவது ‘சொற்காதே’ங்கானா? நீட்டி ‘வா’ங்கோம், வேண்டாம்னா சுருக்கி ‘வராத’ங்கோம். இதெல்லாம் எந்த நோட்டைப் பாத்துல படிச்ச? ‘அடுப்புகிட்ட நிக்காத’ன்னு ஆச்சி போட்ட அதட்டுல படிச்சது. ஸ்பானிஷ் பேசுத வீட்டுல பொறந்த பயலும் அப்படித்தான். வாயில மொதல்ல வந்துரும், எழுத்து பின்னால நொண்டிக்கிட்டு வரும். நீ எழுத்தை முன்னால வெரட்டிக்கிட்டு அலையுத.

இடையன்குடிக்கு 1841-ல வந்த கால்டுவெல் ஐயர், திராவிட மொழிகளை ஒப்பிட்டு 1856-ல ஒரு இலக்கணம் போட்டாரு. செய்யேன், செய்யான்னு வினைக்குள்ளயே ‘இல்லை’யை ஒளிச்சு வைக்கிறது இந்த மொழிகளோட தனிக்குணம்னாரு. காலம் பூரா அதைப் பேசிக்கிட்டிருந்த நமக்கு அது ஒரு சங்கதியாவே தோணலை. கடல் தாண்டி வந்த மனுசனுக்கு உறுத்துச்சு. உனக்கு அந்த ‘கியூ’ உறுத்துத மாதிரின்னு வச்சுக்கயேன். ஐயர் அதுக்காக அழுவலை, புத்தகம் எழுதுனாரு.

ஒண்ணைச் செய்யாதன்னு சொல்ல வழியா இல்ல? அவ்வையார் ஆத்திசூடியில ‘ஏல்’னு வால் வச்சாவ. உலகநாதர் உலகநீதியில வரிக்கு வரி ‘வேண்டாம்’னாரு. உங்க ஆச்சிக்கு ரெண்டும் வேண்டாம். நேத்து மத்தியானம் நான் கெளம்பும்போது வாசல்ல நின்னு, ‘போங்க, இந்த வெயில்ல நல்லாச் சுத்திட்டு வாங்க’ன்னா. அதுல ‘ஆதே’ எங்கல இருக்கு? எழுத்தும் மாறலை, சத்தமும் மாறலை.

நான் செருப்பைக் கழட்டிட்டேன்.