கியரும் காற்றும்

கேள்வி: கிராமத்துச் சாலைகளில் தனியாக நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்க ஆசை. கியர் வைத்த வண்டிதான் வேண்டுமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: அயர்லாந்துப் பெண்மணி டெர்வ்லா மர்ஃபி 1963-இல் தனியாளாக சைக்கிளில் டெல்லி வந்து சேர்ந்தார். கிளம்புமுன் கியரைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஆசியச் சாலைகளை அது தாங்காதாம். ஆனால் கைத்துப்பாக்கியை மறக்கவில்லை. வழியில் ஓநாய்கள் பாய்ந்தபோது அதுதான் கைகொடுத்தது. உங்களுக்குத் தெருநாய்தான், இறங்கி வண்டியை உருட்டினாலே பாதி நாய்களுக்குச் சுவாரஸ்யம் போய்விடும்.

கியரைவிடக் காற்றைக் கவனியுங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து தள்ளும். கிழக்கே கரூருக்கு விட்டால் முதுகில் ஏறிக்கொண்டு அதுவே மிதிக்கும். திரும்பி வரவா? பஸ் எதற்கு இருக்கிறது! கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட் கேளுங்கள்.