ஃபயர்வயர் போர்ட்டுக்குப் பணி நீட்டிப்பு வேண்டி

பெறுநர்: கம்ப்யூட்டரில் எந்த ஓட்டை இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் பெரியவர்கள்.

பொருள்: மேற்படி போர்ட்டுக்கு ஓராண்டு பணி நீட்டிப்பு கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய சமூகத்துக்கு,

கொடைக்கானல் மலைச்சாலையில், பழனிக்கு வழி பிரியும் பெருமாள்மலையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு லேப்டாப்புகள் மேலும் இளைத்து நலமாக இருக்கும் என்று நம்புகிறோம்.

1995-இல் ஐ.இ.இ.இ. 1394 என்று எண் கொடுத்து இந்தப் போர்ட்டைப் பணியில் சேர்த்தீர்கள். ஆப்பிள் ஃபயர்வயர் என்றது, சோனி ஐ-லிங்க் என்றது. பழனி முருகனுக்கு இத்தனை பெயர் சொல்லிக் கும்பிடுகிற நாங்கள் அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கேமராவில் நாலு பின், கம்ப்யூட்டரில் ஆறு பின், பிறகு வந்ததில் ஒன்பது பின் என்று வைத்தீர்களே, அந்தத் தொலைநோக்குக்குத் தனியாக ஒரு வணக்கம். ஆறு பின்னில் கரண்ட் வரும், ஹார்டு டிஸ்க்கே ஓடும். நாலு பின்னில் அது கிடையாது. கேமராவுக்கு அடாப்டரைச் சொருகிவிட்டு, மழைக்காலத்தில் மின்வாரியத்தின் கருணையையும் வேண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

யு.எஸ்.பி.யில் மாட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். அந்தக் கால மினிடிவி கேமராக்கள் பலவற்றில் அது மெமரி கார்டிலிருக்கும் போட்டோவுக்கு மட்டும், டேப்பிலிருக்கும் வீடியோவுக்கு ஃபயர்வயர்தான் வழி. பந்திக்கு வந்தவனைச் சந்தனம் பூசி வாசலோடு அனுப்பியது போல.

டேப்பை அவசரப்படுத்தவும் முடியாது. ஒரு மணி நேரக் கல்யாணம் கேப்சர் ஆக ஒரு மணி நேரம், 13 ஜிபி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நேராக இறக்கலாம் என்றால் அது ஃபேட்32. ஒரு ஃபைலுக்கு 4 ஜிபிதான் தாங்கும். கெட்டிக்கார மென்பொருள் ஃபைலைத் துண்டு போடும். மற்றது இருபது நிமிடத்துக்குள் நின்றுவிடும். ஐயர் மாங்கல்யத்தைக் கையில் எடுத்திருப்பார், அவ்வளவுதான். நிறைய குடும்பங்களில் மாப்பிள்ளை இன்னும் தாலி கட்டவில்லை.

இதெல்லாம் பழைய குறை. இந்தப் போர்ட்டுக்காக ஆப்பிள் 2001-இல் எம்மி விருது வாங்கியது. 2008-இல் வந்த அலுமினிய மேக்புக்கில் அதைக் காணோம். பிறகு தண்டர்போல்ட் அடாப்டர் ஒன்று கொடுத்தார்கள். அதன் மேல் இன்னொரு அடாப்டர் கோத்துச் சமாளித்தோம். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோ, என்ன கோத்து மாட்டினாலும் ஆளைத் தெரியாது என்கிறது. விருது கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அரசு அலுவலகங்களில் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

லினக்ஸ்காரர்கள் மட்டும் 2029 வரை பார்த்துக்கொள்கிறோம் என்றிருக்கிறார்கள். இங்கேதான் விண்ணப்பம் வருகிறது. இந்த மலையில் குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. 2018 பூ எல்லார் போனிலும் இருக்கிறது. 2006 பூ மினிடிவி டேப்பில், பனியும் ஈரமும் ஏறி, பூஞ்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பூ 2030-இல். அன்று யாராவது, எந்தச் சரிவில் முன்பு பூத்திருந்தது, எங்கே இப்போது ரிசார்ட் நிற்கிறது என்று பழைய டேப்பைப் போட்டுப் பார்க்க விரும்பலாம். போர்ட் அதற்கு முந்தின வருடமே ஓய்வு பெறுகிறது.

ஆகவே சமூகம் கருணை கூர்ந்து 2030 டிசம்பர் 31 வரை நீட்டிப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். குறிஞ்சியை முன்கூட்டிப் பூக்கச் சொல்ல வனத்துறைக்கும் எழுதலாம்தான். அவர்களுக்கு ஏற்கெனவே யானை, காட்டெருமை என்று நிறைய மனுக்கள்.

இப்படிக்கு,
டேப்புகளின் சார்பில், பெருமாள்மலைவாசி ஒருவர்

இணைப்பு: வயர் ஒன்று. ஒரு முனை நாலு பின், மறுமுனை ஆறு பின். மாட்டிப் பார்க்கத் தங்களிடம் இடமிருக்காது என்பதால் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.