இடைவேளைக்குப் பிந்திய இழுவை: பிரான்காச்சோவை முன்வைத்து ஓர் ஆய்வு

படம் பார்த்துவிட்டு வருகிறவரை மறித்து "அண்ணை, படம் எப்பிடி?" என்று கேட்டால் கிடைக்கும் விடைகளுள் தலையாயது இது: "முதல் பாதி அந்தமாதிரி. பிறகு கொஞ்சம் இழுவை. ஒருக்காப் பாக்கலாம்." யாழ்ப்பாணத்தார் இப்படிச் சொல்வதையே சென்னைவாசி "செகண்ட் ஆஃப் லேக், ப்ரோ" என்று முடித்துக்கொள்வார். பேய்ப்படம், காதல் படம், தலைவர் படம் எதுவாயினும் தீர்ப்பு மாறுவதில்லை. படத்துக்குப் படம் மாறாத ஒன்று படத்தைப் பற்றியதாக இருக்க முடியாது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

மதுரை இருக்க, கோடம்பாக்கம் இருக்க, ஆய்வுக்களமாகச் சிசிலித் தீவின் பலெர்மோ எற்றுக்கோவெனின், கூறுதும். 1980களிலிருந்து ஈழத்தமிழர் வந்து குடியேறிய நகரம் அது. சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றாகவே பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். இறங்கும்போது சினிமா பேசுகிறார்கள். அதனினும் வலுவான காரணம், இத்தாலியத் திரையரங்குகள் பலவற்றில் இன்றும் இடைவேளை உண்டு. பாரிஸிலும் லண்டனிலும் ஆங்கிலப் படத்தை ஒரே மூச்சில் ஓட்டி முடித்து, வெளியே வருபவரிடம் முழுத் தீர்ப்பை எதிர்பார்க்கிறார்கள். அது கொடுமை. இத்தாலியருக்கும் நமக்குமோ படத்தை இரண்டாக வெட்டிப் பாதியைப் புகழவும் பாதியைப் பழிக்கவும் வசதி உண்டு. எடுத்தவனையும் நோகடிக்காமல், டிக்கெட் வாங்கியவனையும் ஏமாற்றாமல் இருக்க இதைவிட நாகரிகமான ஏற்பாடு வேறில்லை.

நகரின் தென்கிழக்கில், ஒரேத்தோ ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது பிரான்காச்சோ. தொழிற்பேட்டை, அடுக்குமாடிகள், அரபு-நார்மன் காலத்து மரெதோல்ச்சே கோட்டை. அந்தப் பக்கத்து ஃபோரம் வணிக வளாகத்தில் பல திரைகள் கொண்ட அரங்கு ஒன்றும் உண்டு. ஹாலிவுட்காரன் இடைவேளையை நினைத்துப் படம் எடுப்பதில்லை. ஆகவே கதாநாயகி வாயைத் திறக்கும்போதே விளக்கு எரிந்துவிடும் ஆபத்து இத்தகைய இத்தாலிய அரங்குகளில் உண்டு. நம் இயக்குநர்களோ அந்த ஒரு நொடிக்காகவே முதல் பாதியைக் கட்டுகிறார்கள். வில்லன் கூட்டம் சிதற, நாயகன் திரும்பிப் பார்க்க, திரையில் "இடைவேளை" என்று விழும். அதற்குப் பிறகு உலகில் எது நடந்தாலும் இழுவையாகத்தானே தோன்றும் என்று ஒருவர் வாதிடலாம். ஏற்கத்தக்க வாதமே, ஆனால் ஹாலிவுட் படத்துக்கும் அதே தீர்ப்பு வழங்கப்படுவதால் போதுமானதன்று.

பிரான்காச்சோவிலிருந்து ரயிலில் சற்றுக் கிழக்கே போனால் பகேரியா. அங்கே பிறந்த ஜுசெப்பே தொர்னத்தோரே 1988இல் எடுத்த 'நுவோவோ சினிமா பாரதீசோ' நம் ஆய்வின் மூலச் சான்று. இத்தாலியில் 155 நிமிடப் படமாக வெளிவந்து தோற்றது. கத்தரி எடுத்தார்கள், 124 நிமிடமாயிற்று, கான் விழாவில் பரிசு, 1990இல் ஆஸ்கர். வெட்டு பெரிதும் விழுந்தது பின்பகுதியில், நாயகன் நரைத்துத் திரும்பி வந்தபின் பழைய காதலியைச் சந்திக்கும் இடத்தில். "பிறகு கொஞ்சம் இழுவை" என்ற தீர்ப்பை இவ்வளவு பணிவாக நிறைவேற்றி இவ்வளவு பலன் கண்டவர் வேறு எவருமிலர். இந்தப் படத்துக்குள்ளேயே ஒரு பாதிரியார் முத்தக்காட்சி வரும்போதெல்லாம் மணியடித்து வெட்டச் சொல்வார் என்பதையும் ஆய்வுலகம் கருத்தில் கொள்க.

நம்மவரும் முயலாமலில்லை. 2024 ஜூலையில் 'இந்தியன் 2', நவம்பரில் 'கங்குவா', இரண்டும் அரங்குக்கு வந்தபின் ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் குறைக்கப்பட்டன. ஆஸ்கர் வரவில்லை. பிறகு தயாரிப்பாளர்கள் நோயை விட்டு நோயாளியின் வாயைக் கட்ட நினைத்தார்கள்: அரங்க வாசலில் மைக் நீட்டக்கூடாது, படம் வந்த முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே கூடாது என்று கோரிக்கைகள் எழுந்தன. அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. "லேக்" என்று சொல்லும் உரிமைக்குப் பாதுகாப்பு உண்டு என அறிக.

இந்த வாய்பாடு செல்லாத இடம் ஒன்றும் உண்டு. பிரான்காச்சோவின் சான் கயத்தானோ பங்குத் தந்தை பினோ புலீசி, சிறுவர்களை மாஃபியாவின் பிடியிலிருந்து விலக்கியதற்காக 1993 செப்டம்பர் 15 அன்று, தம் 56ஆம் பிறந்தநாளில், வீட்டு வாசலருகே சுடப்பட்டார். 2005இல் ரொபெர்த்தோ ஃபாயென்ஸா அதைப் படமாக்கினார். தந்தையாக நடித்தவர் லூக்கா ஸிங்கரெத்தி. முடிவு ஊருக்கே தெரிந்த படம். அங்கே எந்தப் பாதி நல்லது என்று இவ்வாய்வாளர் கேட்கத் துணியவில்லை.

இனி, நோயின் மூலம். பலெர்மோத் தமிழரில் பலர் வீட்டுப்பணிக்கும் உணவகச் சமையலறைக்கும் போகிறவர்கள். விடிகாலை எழுந்து, நாலு மாடி துடைத்து, இரவுச் சாப்பாடு முடித்துப் படம் போடுகிறார்கள். முதல் பாதியைப் பார்ப்பது கண். இரண்டாம் பாதியைப் பார்ப்பது முதுகு. முதுகு நல்ல விமர்சகர் அன்று. சென்னையில் முன்பு காலை நாலு மணிக் காட்சி இருந்தபோது, அதற்கு இரவெல்லாம் விழித்திருந்து போனவரின் நிலையும் அதுவே. லுக்கீனோ விஸ்கோந்தியின் 'இல் கத்தொபார்தோ' (1963) பலெர்மோவின் கான்ஜி மாளிகையில் முக்கால் மணி நேரம் நடனமாடுவது படத்தின் கடைசிப் பகுதியில். கதைநாயகரான இளவரசரே களைத்து நாற்காலி தேடும் காட்சி அது. வேலை முடிந்து வந்தவர் என்ன ஆவார்!

இதை உறுதிசெய்வது 'ஆயிரத்தில் ஒருவன்'. 2010 பொங்கலுக்கு வந்தபோது அதன் இரண்டாம் பாதியைத் திட்டாதவர் குறைவு. அதே சோழர் பகுதியை இன்று "காலத்தை முந்திய படைப்பு" என்கிறார்கள். இயக்குநர் செல்வராகவன் ஒரு சட்டகத்தையும் மாற்றவில்லை. பார்த்தவர்கள்தாம் இடையில் வீட்டுக்குப் போய், தூங்கி எழுந்து, இன்னொரு நாள் பார்த்தார்கள்.

ஓடிடி வந்தபின் பலெர்மோவில் இச்சிகிச்சை பரவியிருக்கிறது. சனி இரவு பாதி. ஞாயிறு மலையேறி இறங்கி, குளித்து, தேத்தண்ணியோடு மீதி. இம்முறையில் படம் பார்த்த ஒருவரிடம் கேட்கப்பட்டது.

"அண்ணை, எப்பிடி?"

"பிற்பாதி அந்தமாதிரி, தம்பி. முதல் பாதிதான் இழுவை. என்ன நடந்ததெண்டே ஞாபகமில்லை."