மாடித்தோட்டத்துச் சீமை அத்தியில் ரகத் தேர்வும் அணிலின் முன்னுரிமையும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மாடியில் சீமை அத்தி வளர்க்க விரும்புவோர், எந்த ரகத்தை வைப்பது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பழத்தை யார் தின்னப்போகிறார் என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. ரகத்தைத் தேர்ந்தெடுப்பவர் மனிதர், தின்று முடிவு சொல்வது அணில் என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆற்றங்கரை நாட்டு அத்தி இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

1. முன்னோர் செய்தவை

யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்னும் இடத்தில், ஏறத்தாழ 11,400 ஆண்டுப் பழமையான கரிந்த அத்திப்பழங்கள் கிடைத்தன. அவை மகரந்தம் சேராமலே பழுக்கும் வகை, விதை முளைக்காது, எனவே குச்சி நட்டே பெருக்கியிருக்க வேண்டும் என்று 2006இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவர்கள் கூற்றுப்படி, கோதுமையைப் பழக்கும் முன்பே மனிதன் இதைச் செய்துவிட்டான். ஆகவே உலகின் ஆதி விவசாயம் என்பது பக்கத்து வீட்டில் ஒரு குச்சி கேட்டு வாங்கியதே என்பது பெறப்படும். வாங்கியவன் ரகத்தின் பெயரைக் கேட்டதாகச் சான்று இல்லை.

அடுத்தவர் ரோமாபுரியின் கேட்டோ. கார்த்தேஜை அழித்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற அவர், செனட்டில் ஓர் அத்திப்பழத்தைக் காட்டி, இது கார்த்தேஜில் பறித்து மூன்று நாள்தான் ஆகிறது, பகைவன் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறான் என்றாராம். கி.மு. 146இல் அந்நகரம் தரைமட்டமானது. வரலாற்றாசிரியர்கள் இதில் அரசியலைக் காண்பர். தோட்டக்காரருக்குத் தெரிவது வேறு. செடியிலேயே நன்றாகக் கனிந்த அத்தி மூன்று நாள் கப்பலில் வந்தால் கூழாகியிருக்கும். ஆகவே ஒரு நகரத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னது செங்காய். கடையில் இன்று பெட்டியில் அடுக்கி விற்பதும் பெரும்பாலும் அதுவே. வீட்டில் செடி வளர்ப்பதற்கான நியாயம் இங்கே தொடங்குகிறது.

2. ரகங்களும் ஐயங்களும்

கலிபோர்னியாவின் ஐரா காண்டிட் 1955இல் அத்தி ரகங்களுக்கென்றே ஒரு பெருநூல் வெளியிட்டார். அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே பழத்துக்குப் பல பெயர். ஒரே பெயரில் பல பழம். இத்தாலியில் டொட்டாட்டோ என்பது கலிபோர்னியாவில் கடோட்டா. 'பிரவுன் டர்க்கி' என்று இங்கிலாந்தில் அழைப்பது ஒன்று, கலிபோர்னியாவில் அழைப்பது இன்னொன்று. நம்மூர் நர்சரியில் அதே பெயர்ச்சீட்டோடு இருப்பது எது என்று கேட்டால், "எல்லாமே நல்லா காய்க்கும் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று பதில் வரும். காண்டிட்டுக்கு ஒரு நூல் தேவைப்பட்ட சிக்கலை ஒரே வரியில் தீர்த்தவர் இந்த நர்சரிக்காரர்.

ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. அஃது எற்றாலெனின், ஸ்மிர்னா வகை அத்திக்குக் காட்டு அத்தியிலிருந்து மகரந்தம் சுமந்துவர ஒரு சிறு குளவி வேண்டும். 1880களில் அவ்வகையைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள்; மரம் தழைத்தது, பிஞ்சோ பழுக்காமல் உதிர்ந்தது. 1899இல் ஃபிரெஸ்னோவில் குளவியைக் குடியேற்றிய பிறகே பழம் கண்டார்கள். குளவி இல்லாத மாடியில் ஸ்மிர்னா வைத்தால் இலைதான் மிஞ்சும். ஏவாளுக்கு அது போதுமானதாக இருந்தது, நமக்குப் போதாது.

எனவே தானே பழுக்கும் வகையே மாடிக்கு உகந்தது. புனே அத்தி அப்படிப்பட்டது. புரந்தர் வட்டாரத்து அத்திக்கு 2016இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அவ்வூர் விவசாயிகளே ஒரே மரத்தின் விளைச்சலை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: மழைக்காலத்தில் வருவது 'கட்டா பஹார்', புளிப்புப் போகம், கோடையில் வருவது 'மீட்டா பஹார்', இனிப்புப் போகம். மரமும் ஒன்று, ரகமும் ஒன்று, மண்ணும் ஒன்று. வெயில் மட்டும் வேறு. ரகமே சுவை என்னும் கொள்கை இவ்விடத்தில் ஆட்டம் காண்கிறது.

3. கனிவின் இலக்கணம்

வெயிலுக்கு அடுத்தது பறிக்கும் நேரம். அத்தியைப் பறித்த பின் மேலும் இனிக்க வைக்க வழியில்லை. வாழைத்தார் போல மூட்டம் போட்டால் மென்மையாகுமே தவிர, சர்க்கரை ஏறாது. கனிந்ததற்கு அறிகுறி மூன்று. காம்பு துவண்டு பழம் தலைகவிழும். தோலில் மெல்லிய கீறல் ஓடும். அடிக்கண்ணில் தேன்போல் ஒரு துளி திரளும். ஒடித்த காம்பில் பால் வடிந்தால் அவசரப்பட்டீர் என்று பொருள். அந்தப் பால் தோலில் பட்டால் அரிக்கவும் செய்யும்.

முதல் அறிகுறி கண்டவுடன் பறிப்போர் உண்பது செங்காய். மூன்றாவதற்குக் காத்திருப்போர் உண்பது ஒன்றுமில்லை. காரணம் அடுத்த இயலில்.

4. போட்டியாளர்

கொண்டைக்குருவியும் குயிலும் நிறம் பார்த்து வருபவை. கறுத்துப் பழுக்கும் ரகம் அவற்றுக்கு விளம்பரப் பலகை. ஆகவே பழுத்தும் பச்சையாகவே நிற்கும் கடோட்டா, அட்ரியாடிக் போன்றவற்றை வைத்தால் பறவைகளை ஓரளவு ஏய்க்கலாம் என்பர் அனுபவசாலிகள். தானே பழுக்கும் வகை என்று உறுதிசெய்த பின், ரகத் தேர்வில் அறிவு வேலை செய்யும் ஒரே இடம் இது.

இங்கே தடை ஒன்று எழுப்பலாம்: பழந்தின்னி வௌவால் மோப்பம் பிடித்து இருட்டில் வருமே, அதற்குப் பச்சை என்ன, கறுப்பு என்ன எனின், அத்தடைக்கு விடை இல்லை. வலைப்பை கட்டினால் வௌவால் பின்வாங்கும். அணில் பின்வாங்காது, பையைக் கத்தரித்து, பழத்தைச் சுற்றிப் பார்த்து, மூன்றாம் அறிகுறி தெரியும் பக்கத்தில் வாய் வைக்கும். முதுகில் இராமர் விரல் பதிந்த பிராணி என்பதால் வீட்டுப் பெரியவர்கள் விரட்டவும் விடமாட்டார்கள்.

5. முடிபு

அணில் கடிக்காத பழம் இன்னும் கனியாதது; அணில் கடித்த பழம் நோய்க்கு அஞ்சி ஒதுக்க வேண்டியது. இவ்விரண்டுக்கும் இடையே நல்ல அத்திக்கு ஆயுள் ஓரிரவு. ஆகவே ரகத்துக்கு அலைவதை நிறுத்தி, தானே பழுக்கும் ஏதேனும் ஒன்றை நல்ல வெயிலில் வைத்து, சீக்கிரம் எழப் பழகுவதே சாலச் சிறந்தது. இதில் மறுப்புடையோர் விடியுமுன் மாடிக்கு வந்து வாதிடலாம். விடிந்தபின் வந்தால் சான்று இராது.