கறுப்புப் பட்டியல் சித்திரகுப்தருக்கு ஒரு விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய ஸ்பேம் கறுப்புப் பட்டியல் நிர்வாகிகளின் சமூகத்திற்கு, கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவன் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது.

நேற்று ஓசூரிலிருந்து ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் எங்கள் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டார். "உங்க கொட்டேஷன் வரவே இல்லைங்க. கடைசித் தேதி முடிஞ்சு போச்சு. சர்வர் பார்க்கத் தனியா ஆள் வெச்சிருக்கீங்கன்னு சொன்னீங்களே? அடுத்த தடவை பேசாம ஜிமெயில்ல அனுப்பிடுங்க." ஆபீஸே கேட்டது. டீ கொண்டுவந்த பையன்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

லாக்கைத் திறந்தால் ஓசூர் சர்வரின் பதிலில் உங்கள் திருநாமம். அதோடு 451. பதில் எண் 5-இல் தொடங்கினால் 'வராதே' என்று பொருள். அது வந்திருந்தால் அன்றைக்கே மடல் திரும்பியிருக்கும், நாங்களும் போன் போட்டுச் சமாளித்திருப்போம். 4-இல் தொடங்கினால் 'அப்புறம் வா'. எங்கள் மெயில் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் அதை நம்பியது. சில நிமிடம் விட்டுப் போனது, பிறகு இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் மணிக்கு ஒருமுறை கதவைத் தட்டியது. ஐந்து நாள் ஆனால்தான் அது கைவிடும். டெண்டருக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

எங்கள் பாவம் என்ன என்று தேடினேன். மடல் எங்களுடையதுதான் என்று காட்டும் சான்றுகள் எல்லாம் சரி: எஸ்பிஎஃப் இருக்கிறது. டிகேஐஎம் கையெழுத்து செல்லுபடியாகிறது. டிமார்க் இருக்கிறது. ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரும் சர்வரின் பெயரும் பொருந்துகின்றன. அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் ஐபி முகவரி இருக்கும் தொகுதியில் வேறு எவனோ ஒருவன் உடல் இளைக்கும் மாத்திரை விற்றிருக்கிறான். அதற்காக 256 முகவரிகளும் உள்ளே. எமலோகத்துச் சித்திரகுப்தர் ஆளுக்கொரு கணக்கு எழுதுவார். தேவரீர் தெருவுக்கு ஒன்றாக எழுதிவிடுகிறீர்கள், ஏடு மிச்சம்.

உங்கள் ஏட்டைப் புரட்டும் முறையும் சிறப்பு. எங்கள் ஐபி எண்ணைத் தலைகீழாகத் திருப்பி, உங்கள் டொமைனோடு ஒட்டி, டிஎன்எஸ்ஸில் கேட்க வேண்டும். 127.0.0.2 என்று வந்தால் பாவி. நரகத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள் என்று பாட்டி சொன்னபோது நான் நம்பவில்லை.

உங்கள் பெருமையை நான் மறுக்கவில்லை. 1978-இல் கேரி துயர்க் என்ற கணினி விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் சில நூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியபோதே கலி பிறந்துவிட்டது. 1997-இல் பால் விக்ஸியும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட முதல் பட்டியலைத் தொடங்கியது தர்ம காரியம்தான். நீங்கள் எல்லாம் இல்லாவிட்டால் என் இன்பாக்ஸ் சாக்கடையாகிவிடும்.

ஆனால் பாவவிமோசனத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் வழிதான் பக்தனைச் சோதிக்கிறது. படிவம் நிரப்பினேன். 'உங்கள் நெட்வொர்க் நிர்வாகி விண்ணப்பிக்கட்டும்' என்றது. எங்களுக்கு ஐபி தந்த நெட்வொர்க்காரர்களைக் கேட்டால், 'அது உங்கள் மெயில் பிரச்சினை' என்றார்கள். தேவரீரின் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கே எழுதினேன். அந்த முகவரியை எந்த மெயில் சர்வரும் வைத்திருந்தே ஆக வேண்டும் என்பது எஸ்எம்டிபி விதி. மடல் திரும்பி வந்தது. காரணம்: அனுப்பியவர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறார். கட்டணம் கட்டினால் மட்டும் உடனே விடுதலையாம். சித்திரகுப்தரும் சிறப்பு தரிசன டிக்கெட் போட ஆரம்பித்துவிட்டார்!

இதற்குப் பெயர் என்னய்யா? குற்றம் செய்யாதவனிடம் குற்றத்தை அழிக்கக் காசு கேட்பதற்குப் பெயர் என்ன? எவனோ அனுப்பிய குப்பைக்கு, லேத்தில் நின்று வேலை செய்கிற பன்னிரண்டு பேரின் ஆர்டர் போயிருக்கிறது. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, பேசுவதற்கு ஒரு மனிதன் கிடையாது. உங்களை யார் உட்கார வைத்தார்கள்?

க்ஷமிக்க வேண்டும். கோவையில் இப்போது வெயில் அதிகம். தேவரீரின் கருணையோ அதைவிட அதிகம். ஆகையால் ஒன்றே ஒன்று வேண்டுகிறேன்: எங்கள் முகவரியிலிருந்து கிளம்பிய ஒரு ஸ்பேம் மடலின் தலைப்பு வரிகளை, நாள் நேரத்தோடு காட்டுங்கள். ஒன்று போதும். பார்த்த மாத்திரத்தில் டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
256-இல் ஒருவன்

பின்குறிப்பு: அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி பில் உண்டா என்று எங்கள் அக்கவுண்டன்ட் கேட்கிறார். மெயிலிலேயே அனுப்பலாம். எங்களுக்கு வருவதில் ஒரு தடையும் இல்லை. இன்று காலைகூட லாட்டரி விழுந்ததாக மூன்று வந்திருக்கிறது.