உதிரிபாக அளவையியல்: ஒரு சிற்றாராய்ச்சி

பாயிரம்

இருசக்கர வண்டியின் உறுப்பு ஒன்று தேய்ந்தோ ஒடிந்தோ போனவிடத்து, அதற்கு ஈடானதைக் கைப்பேசித் திரையில் காணும் ஒருவர், ‘இது நம் வண்டிக்குப் பொருந்தும்’ என்று எவ்வாறு துணிகிறார்? இதுவே இக்கட்டுரை ஆராயும் பொருள். விலை, தள்ளுபடி, வீடு வந்து சேரும் நாள் ஆகியவற்றை விற்போரே விரிவாகச் சொல்லிவிடுவதால் அவை இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. இதைக் கேட்டற்குரியார், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனர் செட்டோடு வாசலில் அமரும் வண்டிக்காரர். அவர் வீட்டார் கேட்டாலும் குற்றமில்லை. முடிவு அவர்களுக்கு முன்பே தெரியும்.

ஒன்றை அறிவதற்கு வழிகள் எத்தனை என்பதில் முன்னோர் ஒருமித்தாரல்லர். வஞ்சி நகரில் மணிமேகலை சமயக் கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, அவ்வழிகளாகிய அளவைகள் பத்து என்கிறான். பத்து, எட்டு, ஆறு என ஆசிரியர்தோறும் தொகை வேறுபடும் என்றும் ஒப்புக்கொள்கிறான். எட்டோடும் ஆறோடும் நிறுத்திக்கொண்ட ஆசிரியர்கள் பிரேக் ஷூ வாங்க நேராதவர்கள் என்று கொள்ளலாம். நம் துறைக்குப் பத்தும் வேண்டும். பத்தும் போதா என்பது பின்னர் விளங்கும்.

1. காண்டல்

பொறிகளால் நேரே அறிவது காண்டல். திரையில் ஐந்து பொறிகளுள் கண்ணுக்கு மட்டுமே வேலை. கிளட்ச் ஒயரின் படம் கிளட்ச் ஒயரைப் போலவே இருக்கும். எந்தக் கிளட்ச் ஒயரும் அப்படித்தான் இருக்கும். அது சுருட்டிக் கட்டப்பட்டிருப்பதால் நீளம் தெரியாது. இரண்டு அங்குலம் குறைந்தால் ஹேண்டில்பாரை ஒரு பக்கம் மட்டுமே தாராளமாகத் திருப்ப முடியும்.

மரையின் நிலை இதனினும் நுட்பமானது. 10 மி.மீ. போல்ட்டுகளுள் மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி உள்ளதும் உண்டு, 1.5 மி.மீ. உள்ளதும் உண்டு. படத்தில் இரண்டும் ஒன்றே. தவறான போல்ட் முதலில் ஓரிரு சுற்று தடையின்றி ஏறும், பிறகு இறுகும். அப்போது மாட்டுபவர்க்கு ‘நல்ல டைட்டாக உட்காருகிறது’ என்றொரு மகிழ்ச்சி உண்டாகும். காண்டலால் விளையும் மயக்கங்களுள் இதுவே தலையாயது. யமஹா வண்டிகள் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்த்திசையில் ஓடும். இதை அறியாதார் கண்ணாடியைக் கழற்றுவதாக எண்ணி இறுக்குவர். பின், துருப்பிடித்ததென்று தேங்காயெண்ணெய் விட்டு மேலும் இறுக்குவர்.

2. கருதல்

புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிவது தருக்க நூலார் காட்டும் எடுத்துக்காட்டு. வண்டியியலில் இது இருவகைப்படும். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப்புகை கண்டால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ போயிற்று எனக் கருதுக. டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே எரிவதால் புகை அதன் இயற்கை. அங்கே புகை இல்லையெனில்தான் அஞ்சுக. ஆயில் போகவில்லை, பிஸ்டன் விரைவில் ஜாம் ஆகும் என்பது பொருள்.

வாங்குவோர் கருதல் வேறு வகையானது. ‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஆகவே பிளக்’ என்று தொடங்கி, பிளக் மாற்றியும் ஆகாவிடத்து ‘ஆகவே காயில்’, ‘ஆகவே சிடிஐ’ என்று வளரும். இது நோயை மருந்துச் செலவால் கண்டறியும் முறை. கடைகளில் தொங்கும் ‘எலெக்ட்ரிக்கல் சாமான்கள் திரும்ப எடுக்கப்படமாட்டாது’ என்னும் பலகையை வணிகர்களின் கடுமை என்று பலர் பிழைபடக் கொள்கின்றனர். அது கருதல் அளவைக்கு எழுதப்பட்ட மறுப்புரை.

3. உவமம்

கவயமா என்னும் காட்டு விலங்கு பசுவைப் போன்றது என ஒப்புமையால் அறிவது உவமம். ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 வந்தது 1985-இல், ஸ்ப்ளெண்டர் 1994-இல், பேஷன் 2001-இல். மூன்றிலும் படுக்கைவாட்டில் சிலிண்டர் வைத்த 97.2 சிசி இன்ஜின். இதிலிருந்து, ‘எல்லாம் ஒரே இன்ஜின்தான், எதை வாங்கினாலும் மாட்டலாம்’ என்னும் சூத்திரம் பிறந்தது. இன்ஜினுக்குள் இது பெரும்பாலும் மெய். இன்ஜினுக்கு வெளியே சைடு பேனல், ஹெட்லைட் டூம், டேங்க் எனப் பலவும் உள்ளன. இவை சூத்திரத்தைப் படித்ததில்லை.

காலமும் ஒப்புமையைக் கெடுக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தபின் ஸ்ப்ளெண்டருக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதன் உரிமையாளர் ‘ஸ்ப்ளெண்டர் கார்பரேட்டர்’ என்று தேடி மலிவாக வாங்குவாராயின், பொருள் குறையின்றி வந்து சேரும். வைப்பதற்கு வண்டியில் இடம்தான் இராது. புல்லட்டும் அவ்வாறே. 1956 முதல் திருவொற்றியூரில் உருவான அவ்வண்டியின் பழைய மாடல்களில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. புதியவற்றில் இடம் மாறியவை. ‘புல்லட் பிரேக் பெடல்’ என்று மட்டும் எழுதித் தேடுவோர், எந்தக் காலுக்கு என்பதைச் சொல்லாதவராவர்.

4. ஆகமம்

அறிந்தோர் நூலால் அறிவது ஆகமம். நம் துறையில் அது உறுப்பின் மேல் பொறித்த எண். கற்றார்க்கு இதனினும் சிறந்த துணை இல்லை.

பேரிங்கில் 6203 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கமே உள்விட்டத்துக்குக் குறி. 04 முதலாக ஐந்தால் பெருக்கிக்கொள்க: 6204-இன் துளை 20 மி.மீ. ஆனால் 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. இந்நான்கும் பெருக்கலுக்கு அடங்கா. தொகுதியின் தலையிலேயே விதிவிலக்கு நிற்பது இலக்கணம் பயின்ற தமிழர்க்குப் புதிதன்று. பின்னொட்டும் கவனிக்கத் தக்கது: 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் இருபுறமும் தகர மூடி.

செயினில் 428 என்பதன் முதல் இலக்கம், கண்ணிக்குக் கண்ணி எட்டில் நான்கு அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எனக் காட்டும். 520 என்றால் எட்டில் ஐந்து. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் உண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது. தன் ஜாதகத்தைத் தானே சுமக்கும் இவ்வுறுப்பை விற்போர், பெரும்பாலும் அந்த இடம் தெரியாத கோணத்தில் படம் பிடிப்பர். ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்னும் குறி இருந்தால், அது ஆயிலில் நனைந்தே இயங்கும் பைக் கிளட்சுக்கு ஏற்றது. காருக்கான விலையுயர்ந்த ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்ந்திருக்கும். கிளட்சுக்கு உராய்வே உயிர். அத்தகைய ஆயிலை ஊற்றிய அன்பர், இன்ஜின் அலறக் காண்பார். வண்டி நகரக் காணார்.

ஆகமங்கள் தம்முள் முரண்படுவதும் உண்டு. என்ஜிகே ஸ்பார்க் பிளக்கில் வெப்ப எண் ஏற ஏறப் பிளக் குளிர்ந்தது. அதாவது வெப்பத்தை விரைந்து வெளியேற்றும். பாஷ் பிளக்கில் எண் ஏற ஏறப் பிளக் சூடானது. ஒரு சமயத்தின் 7 மற்றொரு சமயத்தின் 7 அன்று. மதம் மாறுவோர் ஒப்பீட்டு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு மாறுக.

5. அருத்தாபத்தி

‘கங்கையில் ஆயர் சேரி’ என்றால் கங்கைக் கரையில் எனச் சொல்லாததையும் வருவித்துக் கொள்வது அருத்தாபத்தி. ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்தால், ‘அரமும் டிரில்லிங் மெஷினும் உடையார்க்கு’ என வருவித்துக்கொள்க. ‘ஒரிஜினல் தரத்தில்’ என்றிருந்தால் ஒரிஜினல் அன்று எனக் கொள்க. ‘மாட்டுவது எளிது’ என்றிருந்தால், மாட்டும் விதம் எழுதிய தாள் பெட்டியில் இல்லை என்பதே பொருள்.

6. இயல்பு

யானைமேல் இருப்பவன் கைநீட்டினால் தோட்டியை அன்றி வேறொன்றைக் கொடாமை இயல்பு என்னும் அளவை. இதன் முழு விளக்கத்தைக் காண விரும்புவோர் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் செல்க. புதிய உதிரிபாகக் கடைகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. பிரித்துப் போட்ட பழைய வண்டிகளின் உறுப்புகளுக்குப் புதுப்பேட்டை.

மெக்கானிக் கடைப் பையன் கிரீஸ் கையோடு கவுண்டருக்கு வருகிறான்.

“அண்ணே, அந்த ரப்பரு.”

“பின் வீலுக்கா?”

“ஆமாண்ணே.”

“அலாயா, ஸ்போக்கா?”

“ஸ்போக்கு.”

கடைக்காரர் உள்ளே போய் ஒரு செட் கப்ளிங் ரப்பரை எடுத்து வந்து வைக்கிறார். வண்டியின் பெயர் இவ்வுரையாடலில் ஓரிடத்தும் வரவில்லை. பையன் எந்தப் பட்டறையிலிருந்து வருகிறான், அப்பட்டறைக்கு எவ்வகை வண்டிகள் வரும், நேற்று அதே வண்டிக்கு எதை வாங்கிப் போனான் என்பதெல்லாம் கடைக்காரர் நினைவில் உள்ளவை.

வாங்குவோரின் இயல்பை அறிவதில் இணையக் கடையும் பின்தங்கியதன்று. ‘கேஸ்கட்’ என்று தேடும் ஒருவர் சென்ற மாதம் பிரஷர் குக்கருக்கு வாங்கியதை அது மறவாமல் எடுத்துக் காட்டும்.

7. ஐதிகம்

இம்மரத்தில் பேய் உண்டு என ஊரார் வழிவழியாகச் சொல்வதை நம்புதல் ஐதிகம். யமஹா ஆர்எக்ஸ் 100 விற்பனையில் இருந்தது 1985 முதல் 1996 வரை. அது நின்றபின் அதைப் பற்றிய ஐதிகம் நிற்கவில்லை. ‘ஜப்பான் பிஸ்டன்’, ‘ஜப்பான் கிட்’ என்று விற்பனைக்கு வரும் பொருள்கள் பலவற்றுக்கு ஜப்பானோடு உள்ள தொடர்பு, அம்மரத்துக்குப் பேயோடு உள்ள தொடர்பே.

வாங்கியோர் எழுதும் விமரிசனமும் இதன்பாற்படும். ‘பேக்கிங் அருமை. இன்னும் மாட்டவில்லை’ என்று எழுதி ஐந்து நட்சத்திரம் அளித்திருப்பார் ஒருவர். மாட்டிப் பார்த்தவர் ஒற்றை நட்சத்திரத்தோடு நீண்ட உரை எழுதியிருப்பார். சராசரி மூன்று நட்சத்திரம். இதனை ‘சுமார்’ எனப் புரிந்துகொண்டு அடுத்தவர் வாங்குவார்.

8. அபாவம்

ஓரிடத்தில் ஒரு பொருள் இன்மையை அறிவது அபாவம். படத்தில் செயினோடு லாக் இருக்கும், பெட்டியில் இராது. சர்க்ளிப், வாஷர், ஓ-ரிங் ஆகியவையும் அவ்வாறே. இவ்வின்மை கடை அடைத்தபின்னரே அறியப்படும்.

9. மீட்சி

இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் எனக் கொள்வது மீட்சி. எல்லாவற்றையும் மாட்டி முடித்தபின் தரையில் ஒரு வாஷர் மிஞ்சினால், வண்டிக்குள் எங்கோ ஒரு வாஷர் குறைகிறது எனக் கொள்க. ‘கம்பெனியிலேயே எக்ஸ்ட்ரா போட்டிருப்பான்’ எனக் கொள்வது போலி.

10. உண்டாநெறி

இரும்பு ஊசி திரும்பினால் அருகே காந்தம் உண்டெனக் கொள்வது இது. நாம் இதைத் தலைகீழாக ஆள்கிறோம். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டு எடுக்கையில் இரும்புத் துணுக்கு ஒட்டினால், உள்ளே ஏதோ பல் கரைகிறது எனக் கொள்க. அடுத்து வாங்க வேண்டியது எது என்பதை இவ்வளவைதான் சொல்லும். ஆயினும் அந்த ஆயிலைக் கீழே கொட்டிவிடுவதே உலக வழக்கு.

11. சாம்பிள்

அளவைவாதி சொல்லாமல் விட்டதும், கவுண்டர்க்காரர் கைவிடாமல் ஆள்வதுமாகிய பதினோராம் அளவை இது.

“சாம்பிள் இருக்கா சார்?”

“இல்லீங்க, வண்டி வீட்ல நிக்குது.”

“கழட்டி எடுத்துட்டு வாங்க.”

கையில் பணத்தோடு வந்தவருக்குப் பொருளைக் கொடாமல் திருப்பி அனுப்புகிறார் ஒரு வணிகர். காரணம், சான்று போதவில்லை. மறுநாள் பழைய ஸ்ப்ராக்கெட் வருகிறது. புதியதன்மேல் அதை வைக்கிறார்; துளைக்குத் துளை நேராகிறதா எனப் பார்க்கிறார்; பல்லை எண்ணுகிறார். தேய்ந்த பல் கூர்மையாகுமே அன்றி எண்ணிக்கையில் குறையாது. வாழ்நாள் முடிந்த உறுப்பு தன் வழித்தோன்றலை அடையாளம் காட்டிய பின்னரே விற்பனை நடக்கிறது.

இந்த மறுப்புக்கு அவர் தனியே காசு வாங்கியதில்லை. அது பொருளின் விலைக்குள் அடங்கியிருந்தது. இணையக் கடை விலையைக் குறைத்தது என்பது மெய். குறைத்தது எதனை எடுத்துவிட்டு என்பதே ஆராயத்தக்கது. ‘சாம்பிள் இருக்கா?’ என்று அது ஒருவரையும் கேட்பதில்லை. ஒருவரையும் திருப்பி அனுப்புவதில்லை. மாறாக, வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்புகிறார். கவுண்டர்க்காரரின் வேலை ஒழிந்துவிடவில்லை. அது சம்பளமின்றி வாங்குவோருக்கு மாற்றப்பட்டிருக்கிறது. பயிற்சி மட்டும் தரப்படவில்லை.

புறனடை

அப்பயிற்சிக்குறை நீங்கச் சில சூத்திரங்கள் வருமாறு.

எண் கண்டு வாங்குக. படம் கண்டு வாங்கற்க. கம்பெனியின் பார்ட்ஸ் கேட்டலாக்கில் மாடல், ஆண்டு பார்த்து எண்ணை எடுத்து, அவ்வெண்ணையே தேடுக.

பழையது கழலுமுன் புதியது வாங்கற்க. கழற்றியதை ஸ்கேலோடு வைத்துப் படம் எடுத்துக்கொள்க. முடிந்தால் வெர்னியரால் அளக்க.

செயினும் இரு ஸ்ப்ராக்கெட்டும் ஒருசேர மாற்றுக. தேய்ந்த பல்லில் புதுச் செயின் விரைவில் பழையதாகும்.

லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசை நோக்குக. மாற்றிப் போட்டால் அது கழன்று விழும் இடம் மேம்பாலத்தின் உச்சியாக அமையும்.

வந்தவுடன் பிரித்துப் பார்க்க. திருப்பி அனுப்பும் கெடு நாள்களால் ஆனது; வண்டி வேலை ஞாயிறுகளால் ஆனது.

மெக்கானிக்கிடம் இணையத்தில் வாங்கிய விலை கூறற்க. கூறினால், “கடையிலயே இத விடக் கம்மிதானே சார்” என்பார். அது மெய்யா என்று அறியப் பதினோர் அளவைகளுள் எதுவும் வேண்டா; கடையில் விலை கேட்டாலே போதும்.