திருப்பூரில் பகலில் போன் எடுப்பவர் யார்? தொலைபேசி சர்வேயின் திணையியல் பற்றி ஒரு முன்னாய்வு

ஊரார் எந்தச் சோப்பில் குளிக்கிறார்கள், ஏன் டிவியை மாற்றினார்கள், அடுத்த தடவை யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பதையெல்லாம் சர்வே கம்பெனிகள் ஓயாமல் ஆராய்கின்றன. அந்தக் கேள்விகளை வீட்டு மூலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்கிறவர்களைத்தான் யாரும் ஆராய்வதில்லை. அக்குறை ஈண்டுக் களையப்படுகிறது. ஆய்வுக்களம் திருப்பூர், 15 வேலம்பாளையம். தரவுகள் கட்டுரையாளரின் காதுவழிப் பெறப்பட்டவை. மேற்பார்வை, எதிரே உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டும் மாமியார். ஆய்வுமுறை உள்ளூர்ச் சரக்கு: தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலத்தில் குழப்பம் ஊர்ப்பெயரிலேயே தொடங்குகிறது. 15 வேலம்பாளையம் என்று எழுதிக் கொடுத்தால், வெளியூர் அலுவலகம் பதினைந்தைக் கதவிலக்கமாக்கிக்கொண்டு தெருப்பெயர் கேட்கும். பதில் சொல்பவரின் நிலம் இன்னும் மோசம். பட்டியலில் பீகார் எண் என்று இருப்பது அனுப்பர்பாளையத்தில் மணியடிக்கும். எண்ணை மாற்றாமலே நாட்டில் எங்கும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று 2015 ஜூலையில் ஆனபிறகு, எண் பிறந்த ஊரைச் சொல்லும். ஆள் நிற்கும் ஊரைச் சொல்லாது. பாட்னா மக்களின் விருப்பம் என்று அறிக்கையில் ஏறுவதில் ஒரு பங்கு அவினாசி சாலை டீக்கடையிலிருந்து சொல்லப்பட்டது என்பது என் துணிபு. திணை மயங்கலாம், நிலம் மயங்கக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. தொல்காப்பியர் காலத்தில் மொபைல் இல்லை.

இனிப் பொழுது. ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறார். அவசர ஆர்டர் என்றால் நள்ளிரவும் தாண்டும். ஓவர்லாக் மெஷினில் கை இருக்கும்போது போன் எடுக்க முடியாது. எடுத்தாலும் காது கேட்காது. சர்வே கம்பெனியோ பகலில்தான் கூப்பிடச் சொல்கிறது. ஆகவே திருப்பூர்த் தொழிலாளரின் கருத்து என்று அச்சாவது, டீ இடைவேளையின் கருத்து மட்டுமே. மற்ற நேரத்தில் எடுப்பவர்கள் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் நிட்டிங் ஆபரேட்டர்கள் (இவர்களின் கருத்தை அச்சிட முடியாது), பேரனின் போனை வைத்திருக்கும் தாத்தாக்கள், வேலையில்லாதவர்கள்.

இது அற்ப விஷயம் என்பவர்கள் 1936-ஐ நினைக்கவும். அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை, தொலைபேசிப் புத்தகங்களிலும் கார் பதிவேடுகளிலும் பெயர்கள் திரட்டி, ஒரு கோடிப் பேருக்கு மாதிரி ஓட்டுச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். கார் வைத்திருந்தவர்களும் சீட்டைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் மட்டுமே அமெரிக்கா ஆகிவிட மாட்டார்கள்.

இதிலிருந்து கட்டுரையாளர் கண்ட விதி: திருப்பூரில் பகலில் போன் எடுப்போர் தொகை, ஊரில் இருக்கும் ஆர்டருக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆர்டர் குவிந்தால் மணி அடித்து ஓயும். ஆர்டர் போனால் முதல் மணியிலேயே 'சொல்லுங்க' என்று குரல் வரும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது இந்த விதியைச் சோதித்திருக்கலாம். கட்டுரையாளர் அப்போது இத்துறையில் இல்லை. 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது அடுத்த வாய்ப்பு. ஏற்றுமதியாளர்கள் புள்ளிவிவரத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, என் மேசைக்கு வந்தால் போதும்.

கருப்பொருளை விரைந்து கடக்கலாம். ஹெட்செட், இன்வெர்ட்டர், எதிர்முனைத் திரையில் நம் எண்ணைச் சிவப்பாகக் காட்டிக் கொடுக்கும் ட்ரூகாலர். கூலி 'கம்ப்ளீட்' கணக்கில். கடைசிக் கேள்விவரை போனால்தான் ஒரு கம்ப்ளீட். பாதியில் அறுந்தால் ஒன்றுமில்லை. பிறகு ரெக்கார்டிங்கைக் கேட்டு ரிஜெக்ட் செய்யத் தனியே ஆட்கள் உண்டு. பக்கத்து வீட்டு மெஷின் சத்தம் விழுந்தாலே போதும். மாலையில் மாமியார், "உன்றது எத்தனை பீஸ் ஆச்சு, கண்ணு?" என்பார். அவர் கணக்கு எப்போதும் என்னுடையதைவிட அதிகம். பிசிறு போனை வைப்பதில்லை.

உரிப்பொருள், அழைப்பவருக்கு இருத்தல், எடுப்பவருக்கு ஊடல். மாதிரிக்கு ஒன்று:

"வணக்கம்ங்க, சர்வே கம்பெனியிலிருந்து பேசறேனுங்க."

"எங்க இடத்தைப் போன மாசமே அளந்துட்டுப் போய்ட்டாங்களே!"

"இது வேற சர்வேங்க. அஞ்சு நிமிஷம்தானுங்க."

அஞ்சு நிமிஷம் என்பது இத்துறையின் பாயிரப் பொய். வினாத்தாள் இருபது நிமிடம், டீ இடைவேளை பத்து. பதினெட்டாம் கேள்வியில் கம்பெனி மணி அடிக்கும், அரைப் பீஸ் காற்றில் போகும்.

அரிதாக ஒருவர் எதிர்ப்படுவார். பகல் பதினொன்றரைக்கு முதல் மணியிலேயே எடுப்பார், கோபப்பட மாட்டார், எல்லாக் கேள்விக்கும் தயார் என்பார். வயது கேட்டு 24 என்று தட்டியதும் திரையில் வரும்: 18 முதல் 25 வரையான ஆண்களின் கோட்டா நிரம்பிவிட்டது, நன்றி கூறி முடிக்கவும். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்லீங்க்கா. அடுத்த சர்வே வந்தாக் கூப்பிடுங்க. இந்த மாசம் பூரா சும்மாதான் இருக்கேனுங்க."